இரும்புப் பெட்டியும் ஷார்ட் பயமும்: வீட்டில் கட்டும் கணினிக்கு கேபினட் தேர்வு

பாகங்களைத் தனித்தனியாக வாங்கி வீட்டிலேயே கணினி கட்டுகிறவர்கள் ப்ராசஸர், கிராபிக்ஸ் கார்டு, ரேம் என்று வாரக்கணக்கில் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். கேபினட் விஷயத்தில் மட்டும் பேச்சு கண்ணாடி, விளக்கு, விலை என்ற மூன்றோடு முடிந்துவிடுகிறது. ஆனால் முதல்முறை கட்டுகிறவரின் மனதில் ஒரு பயம் இருக்கவே செய்கிறது. மதர்போர்டின் அடிப்பக்கம் முழுக்கப் பற்றவைத்த முனைகள் திறந்தபடி கிடக்கின்றன. அந்தப் பலகையைக் கொண்டுபோய் இரும்புப் பெட்டிக்குள் திருகுகிறோம். எங்காவது பட்டு ஷார்ட் ஆகிவிட்டால்? பெட்டியைத் தொட்டால் ஷாக் அடித்தால்? மரத்திலோ பிளாஸ்டிக்கிலோ செய்த பெட்டியை வாங்கினால் நிம்மதியா?

இந்தப் பயம் வீணானது அல்ல. கேபினட்டாலேயே தீப்பிடித்த கணினிகள் உண்டு. ஆனால் பயம் பெரும்பாலும் தவறான இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. பெட்டி இரும்பாக இருப்பது ஆபத்து அல்ல. முறையாக எர்த் செய்யப்பட்டால் அதுவே காவல். மின்சாரமும் உலோகமும் சந்திக்கும் சில குறிப்பிட்ட இடங்களில்தான் ஆபத்து இருக்கிறது. அந்த இடங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

பெட்டிக்குள் எந்த மின்சாரம்?

சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மின்சாரம், கணினிக்கு மின்சாரம் மாற்றித் தரும் பாகமான எஸ்எம்பிஎஸ்ஸின் தகர உறைக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. அதைத் தாண்டி கேபினட்டுக்குள் வருபவை 12, 5, 3.3 வோல்ட் நேர்மின்சாரம்தான். முன்பு இப்படி இல்லை. 1995-இல் இன்டெல் ஏடிஎக்ஸ் தரத்தை வெளியிடுவதற்கு முன் புழங்கிய ஏடி வகைக் கேபினட்டுகளில், எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தடித்த வயர்கள் முகப்புத் தகடு வரை நீண்டு, பவர் சுவிட்சில் நேரடி வீட்டு மின்சாரத்தைக் கொண்டுவந்து நிறுத்தின. அங்கே ஒரு வயரின் உறை கிழிந்தால் பெட்டி முழுவதும் உயிருக்கு ஆபத்து. ஏடிஎக்ஸ் வந்தபின் முகப்புப் பட்டன் மதர்போர்டுக்கு ஒரு சிறு சமிக்ஞை மட்டுமே அனுப்புகிறது. அந்தப் பட்டனின் வயர்கள் இரண்டும் ஒட்டிக்கொண்டால் கணினி தானாக இயங்கும் அல்லது அணையும். அதற்கு மேல் ஒன்றும் ஆகாது.

12 வோல்ட் நம்மைத் தாக்காது. ஆனால் பலகையைத் தாக்கும். 650 வாட் எஸ்எம்பிஎஸ் ஒன்று 12 வோல்ட் வழியில் 50 ஆம்பியருக்கும் மேல் தரக்கூடியது. அந்தக் கரண்ட் மெல்லிய செம்புத் தடத்தில் பாய்ந்தால் தடம் கருகிப்போகும்.

கேபினட்டின் இரும்பு இந்த மின்சுற்றுக்கு அந்நியமானதும் அல்ல. எஸ்எம்பிஎஸ்ஸின் கறுப்பு வயர்கள், அதாவது பூஜ்ய வோல்ட் வழி, அதன் உலோக உறையோடு இணைந்திருக்கிறது. மதர்போர்டின் திருகுத் துளைகளைச் சுற்றியுள்ள வெள்ளி நிற வளையங்களும் அதே பூஜ்ய வழியைச் சேர்ந்தவை. ஆகவே வளையத்தில் உலோகத் திருகு படுவது ஷார்ட் அல்ல. அப்படிப் பட வேண்டும் என்பதே வடிவமைப்பு. பழைய ஆட்கள் துளைக்குத் துளை சிவப்பு நிற அட்டை வாஷர் போட்டுத் திருகுவார்கள். இன்றைய பலகைகளுக்கு அது தேவையில்லை. பூஜ்யத்தைத் தவிர வேறு ஏதாவதொரு வழி பெட்டியைத் தொட்டால்தான் ஷார்ட்.

முழு ஷார்ட், அரைகுறை ஷார்ட்

இன்டெல்லின் எஸ்எம்பிஎஸ் வடிவமைப்பு வழிகாட்டி, வெளிவரும் வழியில் மின்தடை 0.1 ஓமுக்குக் கீழே போனால் அதை ஷார்ட் என்று கொள்கிறது. எஸ்எம்பிஎஸ் உடனே தன்னை அணைத்துக்கொள்ள வேண்டும் என்கிறது. பவர் பட்டனை அழுத்தியதும் ஃபேன் ஒரு துள்ளு துள்ளி நின்றுபோவதற்கு ஒரு பொதுவான காரணம் இதுதான். பார்க்கிறவருக்கு மனம் பதறும்; ஆனால் பாதுகாப்பு வேலை செய்கிறது என்பதற்கு அதுவே சான்று. முழுமையான ஷார்ட் தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும்.

எரிப்பது அரைகுறை ஷார்ட். உலோகம் முழுதாகப் படாமல், கீறலாகவோ கரியாகவோ பட்டு, இடையில் அரை ஓம் மின்தடை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 12 வோல்ட்டை 0.5 ஓமால் வகுத்தால் 24 ஆம்பியர். வெப்பம் 288 வாட். 650 வாட் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு இது ஒரு கிராபிக்ஸ் கார்டு இழுக்கும் சுமை போலத்தான் தெரியும். அது அணையாது. அந்த 288 வாட்டும் ஒரு திருகுமுனை அளவே உள்ள இடத்தில் கொதிக்கும். கேபினட் தேர்வில் நாம் தவிர்க்க வேண்டியது முதன்மையாக இதைத்தான்.

ஸ்டாண்ட்-ஆஃப்: கால் அங்குலத்தின் காவல்

மதர்போர்டைப் பெட்டியின் தகட்டிலிருந்து தூக்கிப் பிடிப்பவை ஸ்டாண்ட்-ஆஃப் எனப்படும் சிறு பித்தளைத் தூண்கள். உயரம் ஏறத்தாழ கால் அங்குலம், 6.5 மி.மீ. அளவு. பலகையின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் முனைகள் தகட்டில் படாமலிருக்க அந்த இடைவெளி போதும்.

தவறு நடப்பது தூணின் உயரத்தில் அல்ல, இடத்தில். ஏடிஎக்ஸ் பலகை 305 x 244 மி.மீ.; மைக்ரோ ஏடிஎக்ஸ் 244 x 244; மினி ஐடிஎக்ஸ் 170 x 170. மூன்றையும் ஏற்கும் கேபினட்டில் மூன்றுக்குமான துளைகளும் தகட்டில் இருக்கும். மைக்ரோ ஏடிஎக்ஸின் கீழ்வரிசைத் தூண்களில் சில, ஏடிஎக்ஸ் பலகை வைக்கும்போது துளையே இல்லாத இடத்துக்கு நேர் கீழே வந்து நிற்கும். பழைய மைக்ரோ ஏடிஎக்ஸ் பலகையைக் கழற்றிவிட்டுப் பெரிய பலகையைப் போடுகிறவர், முன்பிருந்த தூணை எடுக்க மறந்தால், அதன் முனை பலகையின் அடியில் பற்றவைத்த ஏதோ ஒரு முனையை முட்டும். அது பூஜ்ய வழியாக இருந்தால் தப்பித்தோம். 12 வோல்ட் வழியாக இருந்தால் பலகை போயிற்று. உடனே போகாவிட்டாலும், பலகையின் பச்சைப் பூச்சைத் தூண் மெல்ல மெல்லத் தேய்த்து, சில மாதங்கள் கழித்து வேலையைக் காட்டும்.

எனவே கேபினட் பார்க்கும்போது இரண்டைக் கவனிக்க வேண்டும். ஒன்று, தூண்கள் கழற்றக் கூடியவையா அல்லது தகட்டிலேயே மேடாக அழுத்திச் செய்யப்பட்டவையா? அழுத்திச் செய்த மேடுகளை எடுக்க முடியாது; ஆகவே நம் பலகை அளவுக்கு அவை பொருந்துமா என்பதை வாங்குமுன்பே பார்க்க வேண்டும். இரண்டு, எந்தத் துளை எந்த அளவுப் பலகைக்கு என்று தகட்டில் எழுத்து பொறித்திருக்கிறதா? நல்ல பெட்டிகளில் துளைக்குப் பக்கத்திலேயே அந்தக் குறி இருக்கும்.

தகட்டின் கனமும் முக்கியம். மலிவுப் பெட்டிகளில் தகடு அரை மி.மீ. கனத்தில்கூட இருக்கிறது. கனமான கூலரும் கிராபிக்ஸ் கார்டும் ஏறிய பலகையை அது தாங்கினாலும், தூக்கி நகர்த்தும்போது வளைகிறது. 0.7, 0.8 மி.மீ. தகடு அப்படி வளையாது. கடையில் பக்கவாட்டு மூடியைக் கழற்றிவிட்டு, மதர்போர்டு தகட்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். சிறு அழுத்தத்துக்கே உள்வாங்கி டப்பென்று திரும்பினால் அந்தப் பெட்டி வேண்டாம்.

ஒரு திருகு மூட்டிய தீ

கேபினட்டே ஷார்ட்டுக்குக் காரணமாகி உலகறிந்த நிகழ்வு 2020-இல் நடந்தது. என்இசட்எக்ஸ்டி நிறுவனத்தின் எச்1 என்ற சிறு செங்குத்துக் கேபினட் அந்த ஆண்டு பிப்ரவரியில் சந்தைக்கு வந்தது. விலை 350 டாலர். எஸ்எம்பிஎஸ்ஸும் தண்ணீர்க் கூலரும் உள்ளேயே பொருத்தப்பட்டது. அதில் கிராபிக்ஸ் கார்டு மதர்போர்டில் நேரடியாகச் செருகப்படாமல், ரைசர் என்னும் இணைப்புப் பலகை வழியாகப் பொருத்தப்பட்டது. அந்த ரைசர் பலகையை இரண்டு உலோகத் திருகுகள் கேபினட்டின் இரும்போடு பிடித்திருந்தன.

திருகுத் துளைக்கு மிக நெருக்கமாக, பலகையின் உள்ளடுக்கில் 12 வோல்ட் செம்புப் பரப்பு இருந்தது. திருகை முடுக்கும்போது அதன் மரை துளையின் சுவரைக் கீறி அந்தச் செம்பைத் தொட வாய்ப்பிருந்தது. திருகின் மறுமுனை பூஜ்ய வோல்ட் இரும்பில் இருந்தது. மேலே சொன்ன அரைகுறை ஷார்ட் இதுவேதான். கிராபிக்ஸ் கார்டு செருகும் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டின் 12 வோல்ட் வழிக்குத் தரம் வகுத்த அளவு 5.5 ஆம்பியர், ஆனால் பின்னால் நிற்கும் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு அந்த எல்லை தெரியாது, அது கேட்கிற அளவைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். பலகை புகைந்தது, சில இடங்களில் தீப்பிடித்தது.

நிறுவனம் முதலில் உலோகத் திருகுகளுக்குப் பதில் நைலான் திருகுகளை அனுப்ப முன்வந்தது. பின்னாளில் யாராவது கழற்றி, கைக்குக் கிடைத்த உலோகத் திருகையே மறுபடி போட்டால் என்ன ஆகும் என்று வன்பொருள் விமர்சகர்கள் கடுமையாகக் கேட்டார்கள். அந்தக் கேள்வி நியாயமானது. குறை பலகையின் உள்ளே இருக்கும்போது திருகை மட்டும் மாற்றுவது தீர்வாகாது. விற்பனை நிறுத்தப்பட்டது. 2021 பிப்ரவரியில் அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் வழியாக அங்கு விற்ற சுமார் 32,000 பெட்டிகள் திரும்பப் பெறும் அறிவிப்புக்கு உள்ளாயின; மாற்றி வடிவமைத்த ரைசர் வழங்கப்பட்டது. உலக அளவில் 11 பெட்டிகளில் பலகை சூடேறிய அல்லது எரிந்த புகார்கள் பதிவாகியிருந்தன. யாருக்கும் காயமில்லை.

இதிலிருந்து தேர்வுக்கான பாடம் ஒன்று கிடைக்கிறது. கேபினட்டோடு மின்சாரம் செல்லும் பாகம் ஏதாவது சேர்ந்து வந்தால், அது ரைசராக இருந்தாலும் ஃபேன் ஹப்பாக இருந்தாலும் விளக்குக் கட்டுப்பாட்டுப் பலகையாக இருந்தாலும், அந்தப் பெட்டி வெறும் பெட்டி அல்ல, ஒரு மின்சாதனம். அதன் விமர்சனங்களையும், திரும்பப் பெறும் அறிவிப்பு ஏதும் வந்திருக்கிறதா என்பதையும் பார்த்துத்தான் வாங்க வேண்டும். விலை கூடியது என்பதே பாதுகாப்புக்கு உத்தரவாதம் ஆகாது.

முகப்பு வயர்களும் தகட்டின் விளிம்பும்

பழைய, மலிவான கேபினட்டுகளில் முகப்பு யுஎஸ்பி வயர்கள் நாலைந்து தனித்தனி முனைகளாக வந்தன. 5 வோல்ட் முனையும் பூஜ்ய முனையும் இடம் மாறினால், செருகும் பென் டிரைவோ மதர்போர்டின் போர்ட்டோ பலியாகும். ஒரே கட்டியாக, ஒரு துளை அடைத்து வரும் இணைப்பான் தவறாக நுழையாது. அப்படிப்பட்ட பெட்டியையே வாங்குங்கள். பழைய மதர்போர்டு வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஃபயர்வயர் இணைப்பு முனை பார்க்க யுஎஸ்பி முனை போலவே இருக்கும். அதில் 12 வோல்ட் வரக்கூடும். விளக்குகளிலும் இதே சிக்கல்: மூன்று முனை வகைக்கு 5 வோல்ட், நான்கு முனை வகைக்கு 12 வோல்ட். 5 வோல்ட் விளக்கை 12 வோல்ட்டில் மாட்டினால் அது அந்த நொடியே முடிந்தது.

வயர் செல்லும் வழியில் தகட்டின் விளிம்பைத் தடவிப் பாருங்கள். நல்ல பெட்டியில் விளிம்பு உள்மடித்திருக்கும், துளைகளில் ரப்பர் வளையம் இருக்கும். மலிவுப் பெட்டியில் வெட்டிய தகட்டின் பிசிறு அப்படியே நிற்கும். கையைக் கிழிக்கிற விளிம்பு வயரின் உறையையும் கிழிக்கும். ஃபேன் அதிர்வில் நாள்தோறும் உரசும் 12 வோல்ட் வயருக்கு அந்த விளிம்பு மெதுவாக வேலை செய்யும் கத்தி.

பின்பக்க இணைப்புகளைச் சுற்றி வரும் மெல்லிய தகரத்தின் நாக்குகளும் கவனிக்க வேண்டியவை. பலகையை அவசரமாக உள்ளே தள்ளும்போது ஒரு நாக்கு மடங்கி யுஎஸ்பி போர்ட்டுக்குள் நுழைந்து உட்கார்ந்துவிடும். பலகையை வைத்தபின் வெளியிலிருந்து டார்ச் அடித்து ஒவ்வொரு போர்ட்டையும் பார்ப்பதற்கு அரை நிமிடம்கூட ஆகாது.

பெட்டியின் அகலமும் இதே கணக்கில்தான் வருகிறது. 2022-இல் வந்த 16 முனை கிராபிக்ஸ் கார்டு இணைப்பான்கள் சில உருகின. அது ஷார்ட் அல்ல. முழுதாகச் செருகாததால் தொடுமுனை சூடானது. ஆனால் குறுகலான பெட்டியின் கண்ணாடி மூடி வயரை அழுத்தி மடக்கினால் இணைப்பான் தளர்வதற்கு அதுவே போதும். கார்டுக்கும் மூடிக்கும் இடையில் வயர் இயல்பாக வளைய இடமிருக்கிறதா என்று அளந்து பார்த்து வாங்குவது நல்லது.

“கேபினட் ஷாக் அடிக்குது”

நம் ஊரில் அதிகம் கேட்கும் புகார் இதுதான். வெறுங்காலோடு தரையில் நின்று கேபினட்டின் பின்பக்கத் திருகைத் தொட்டால் விறுவிறுவென்று இழுக்கிறது. டெஸ்டரை வைத்தால் உள்ளே சிவப்பாக மினுங்குகிறது. உடனே “பாடி ஷார்ட்” என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்; எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றுகிறார்கள்; புதிதிலும் அதேதான்.

பெரும்பாலும் இது ஷார்ட் அல்ல. எஸ்எம்பிஎஸ்ஸின் வாயிலில் மின்னிரைச்சலை வடிகட்ட, ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் உலோக உறைக்கு ஒவ்வொரு சிறு கெப்பாசிட்டர் இணைத்திருக்கும். அவற்றின் வழியே கசியும் மிகச் சிறு கரண்ட் எர்த் வயர் வழியாக மண்ணுக்குப் போக வேண்டும். எர்த் இல்லாவிட்டால் பெட்டி 230-இல் பாதியாகிய 115 வோல்ட் அளவில் மிதக்கும். டெஸ்டர் மினுங்க அது தாராளம். கெப்பாசிட்டர் ஒவ்வொன்றும் 4.7 நானோ ஃபாரட் என்றால் தொடுகிறவர் உடம்பில் பாயக்கூடியது சுமார் 0.34 மில்லி ஆம்பியர். கை உணரத் தொடங்கும் அளவு 0.5 மில்லி ஆம்பியர் என்பார்கள். புறங்கையால் மெல்லத் தொட்டால் அதற்குக் குறைவிலும் தெரியும். எர்த் இல்லாத அதே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மானிட்டர், பிரிண்டர் என்று எல்லாம் சேர்ந்தால் கசிவுகளும் கூடிக்கொண்டே போகும்.

இந்தக் கசிவு உயிரை எடுக்காது. ஆனால் எர்த் இல்லாத வீட்டில் எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் உண்மையாகவே ஃபேஸ் வயர் உறையில் பட்டுவிட்டால், அப்போதும் டெஸ்டர் மினுங்கத்தான் செய்யும்; தொடுகிறவருக்கு வித்தியாசம் தெரிவதற்குள் காரியம் கைமீறிவிடும். எர்த் இருந்தால் அந்தப் பிழை நேரே மண்ணுக்குப் பாய்ந்து ஃப்யூஸையோ எம்சிபியையோ விழவைக்கும். கசிவைக் கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருந்தால் இன்னும் விரைவு. மிதக்கும் பெட்டி மற்ற சாதனங்களையும் கெடுக்கும்; டிவியிலோ ஆம்ப்ளிஃபையரிலோ கேபிளைச் செருகும் நொடியில் போர்ட் கருகுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எர்த் பின்னை உடைத்துவிட்டு இரண்டு பின் சாக்கெட்டில் மாட்டுவது, எர்த் வயரே ஓடாத எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்குவது, இரண்டையும் இன்றே நிறுத்த வேண்டும். எவ்வளவு நல்ல கேபினட் வாங்கினாலும் சுவரில் எர்த் இல்லை என்றால் அந்தப் பெட்டியின் பாதுகாப்பு பாதிதான். கேபினட்டோடு மலிவு எஸ்எம்பிஎஸ்ஸைச் சேர்த்தே விற்கும் வழக்கமும் நம் சந்தையில் உண்டு. ஷார்ட் வந்தால் தன்னை அணைத்துக்கொள்ளும் திறன் எஸ்எம்பிஎஸ்ஸிடம்தான் இருக்கிறது. எனவே பெட்டியைத் தனியாகவும், பாதுகாப்பு வசதிகள் தெளிவாகக் குறிப்பிட்ட எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியாகவும் வாங்குவதே சரி.

மரம், அக்ரிலிக், அலுமினியம்

கடத்தாத பொருளில் பெட்டி செய்தால் பிரச்சினை தீருமா? 1999-இல் கூகுள் தன் சர்வர் தட்டுகளில் கார்க் விரிப்பின் மேல் நான்கு நான்கு மதர்போர்டுகளைப் பெட்டியே இல்லாமல் கிடத்தியது. அவற்றிலொன்று இன்று வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கார்க் ஷார்ட்டைத் தடுத்தது உண்மை. ஆனால் அது ஆள் நடமாட்டம் குறைந்த சர்வர் அறை. குழந்தைகள் ஓடும் கூடம் அல்ல.

மரமும் அக்ரிலிக்கும் மின்சாரத்தைக் கடத்தாது. அதே காரணத்தால் அவை எர்த்தும் ஆகாது, ரேடியோ இரைச்சலையும் தடுக்காது. அக்ரிலிக்கைத் துணியால் துடைத்தாலே நிலைமின்னேற்றம் சேரும். தீப்பொறி விழுந்தால் இரும்பு அதை அடக்கும். மரமும் அக்ரிலிக்கும் எரியும். முகப்பில் மட்டும் மரப்பட்டை, உள்ளே முழு இரும்பு என்ற வகை அழகுக்கும் பாதுகாப்புக்கும் ஒத்துவருகிறது. கையாலே ப்ளைவுட்டில் செய்பவர்கள் உள்ளே ஒரு உலோகத் தகட்டில் பலகையையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் சேர்த்துத் திருகி, அந்தத் தகட்டை எர்த்தோடு இணைக்க வேண்டும்.

அலுமினியப் பெட்டிகளில் ஆனோடைஸ் செய்த மேற்பரப்பும், இரும்புப் பெட்டிகளில் பவுடர் கோட்டிங்கும் மின்சாரத்தைத் தடுக்கும் மெல்லிய படலங்கள். இவற்றை நம்பி எதையும் தகட்டில் படவிடக் கூடாது. ஒரு கீறல் போதும். மறுபக்கம், இதே படலத்தால் கழன்று வரும் மூடிகள் சில எர்த்தோடு இணையாமலே இருக்கக்கூடும். பெட்டியில் துளை போட நேர்ந்தால் பாகங்களை எல்லாம் வெளியே எடுத்துவிட்டுப் போடுங்கள். உதிரும் உலோகத்தூள் எங்கே போய் உட்காரும் என்று சொல்ல முடியாது.

பல்லி, எறும்பு, கடற்காற்று

நம் வீடுகளுக்கே உரிய ஒரு காரணம் இது. கார்டு இல்லாத ஸ்லாட்டுகளின் தகட்டு மூடியைக் கழற்றிவிட்டு அப்படியே விட்டால், அந்த வழியாகப் பல்லி நுழையும். கதகதப்பைத் தேடி எஸ்எம்பிஎஸ்ஸுக்குள்ளும் போகும். 230 வோல்ட் இருக்கும் இடத்தில் அது இரண்டு முனைகளைத் தொட்டால் அதுவும் போய், எஸ்எம்பிஎஸ்ஸும் போகும். எறும்புகளும் வயரைக் கடிக்கும் எலிகளும் அப்படித்தான். தூசி வறண்டிருக்கும்வரை கெடுதல் குறைவு. கடற்கரை ஊர்களில் உப்புக்காற்றின் ஈரத்தை உறிஞ்சினால் அதே தூசி மெல்லக் கடத்தத் தொடங்கும். எல்லாக் காற்று வழியிலும் நுண்வலை, கழற்றிக் கழுவக்கூடிய வடிகட்டி, திரும்ப மாட்டக்கூடிய ஸ்லாட் மூடி உள்ள பெட்டி இங்கே ஆடம்பரம் அல்ல, அவசியம். ஒருமுறை உடைத்து எடுத்தால் திரும்ப மாட்ட முடியாத தகட்டு மூடிகள் உள்ள பெட்டியைத் தவிர்க்கலாம்.

பவர் போடும் முன்

பெட்டிக்குள் திருகுமுன், மதர்போர்டு வந்த அட்டைப்பெட்டியின் மேலேயே அதை வைத்து ப்ராசஸர், கூலர், ஒரு ரேம், எஸ்எம்பிஎஸ் மட்டும் இணைத்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பளபளக்கும் ஆன்டி-ஸ்டாட்டிக் உறையின் மேல் வைத்து ஓட்டக் கூடாது. அது முழு மின்காப்பு அல்ல. வெளியே ஓடியது உள்ளே ஓடவில்லை என்றால் குற்றவாளி தூணோ, திருகோ, தகர நாக்கோதான். தேடும் இடம் சுருங்கிவிட்டது.

தூண்களை எண்ணுங்கள், பலகையின் துளைகளையும் எண்ணுங்கள். பலகைக்கு அடியில் துளை இல்லாத இடத்தில் ஒரு தூணும் இருக்கக் கூடாது. மீந்த திருகு ஒன்றுகூட உள்ளே உருளக் கூடாது. பெட்டியைச் சாய்த்து ஆட்டிக் காது கொடுத்துக் கேளுங்கள். கடைசியாக, பிளக்கைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை அதன் எர்த் பின்னிலும், மறுமுனையைப் பெட்டியின் பின்பக்கம் பூச்சில்லாத உலோகத்திலும் வையுங்கள். மின்தடை பூஜ்யத்தை ஒட்டி வர வேண்டும். வந்தால் எஸ்எம்பிஎஸ், பெட்டி, எர்த் மூன்றும் ஒரே சங்கிலியில் இருக்கின்றன. சுவர்ச் சாக்கெட்டின் எர்த்தை எலெக்ட்ரீஷியனைக் கொண்டு தனியாகச் சோதிக்க வேண்டும்.

ஆக, பணத்தை எங்கே போடுவது என்ற கேள்விக்கு விடை தெளிவாகிறது. முதலில் வீட்டின் எர்த். இரண்டாவது, ஷார்ட் வந்தால் அணையத் தெரிந்த எஸ்எம்பிஎஸ். மூன்றாவது, கனமான தகடு, மடித்த விளிம்பு, குறியிட்ட தூண்கள், நுண்வலை கொண்ட கேபினட். கண்ணாடியும் விளக்கும் அதன்பின் வரட்டும். கடைகள் இந்த வரிசையைத் தலைகீழாக விற்கின்றன. வாங்குகிறவர் அதை நேராக்கிக்கொள்ள வேண்டும். இந்த மூன்றையும் சரியாகச் செய்தவர் இரும்புப் பெட்டியைக் கண்டு அஞ்ச வேண்டிய காரணம் எதுவும் மிச்சமில்லை.